கண்ணாடியில் தெரியாத மகன்

வெளிநாட்டில் உழைக்கும் மகனையும் பெருநாள் குடும்பப் படத்தில் சேர்த்துப் பார்க்க ஆசைப்படாத உம்மா உண்டா? செல்போனிலேயே ஒட்டிவிடலாம். ஆனால் கண்டி தலதா வீதியில், கடைக் கண்ணாடி முன்னால் சாய்வாக எடுத்த படமென்றால், மற்றவர்களுக்குப் பிம்பம் இருக்கும், மகனுக்கு இருக்காது. அவன் அங்கில்லை என்பதைக் கண்ணாடியே சொல்லிவிடும்!

பலர் முகத்தையே புரட்டி ஒட்டுகிறார்கள். பின்னாலுள்ள கண்ணாடியில் முகமா தெரியும்? முதுகல்லவா! பிம்பம் சற்றுச் சிறிதாகவும் இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடி ஒளியில் ஏறத்தாழ 8 சதவீதத்தையே திருப்புவதால் மங்கலாக வையுங்கள். கடைக்குள் விளக்கெரியும் இடத்தில் இன்னும் மங்கலாக. (1807இல் அமைந்த கண்டி வாவியின் ஓரமென்றால் தலைகீழாக, நேர் கீழே வைத்தால் போதும்.)

நீங்கள் படமெடுத்த அதே உயரத்திலிருந்து, முன்பக்கம் ஒன்றும் முதுகுப்பக்கம் ஒன்றுமாக எடுத்தனுப்பும்படி மகனிடம் சொல்லுங்கள்.