ருசி இருந்தால் சுத்தம் வேண்டாமா?

ஊர் நடுவே கடை போட்டால்தான் வியாபாரம் நடக்கும் என்பார்கள். அது தப்பு என்று காட்டியவர் ஒரு பீட்சா தாத்தா!

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கூட்டமும் கலகலப்பும் மன்ஹாட்டன் பகுதியில்தான். ஆனால் டொமெனிகோ டிமார்கோ என்பவர் 1965-ல் "டி ஃபாரா" என்ற பீட்சா கடையைத் திறந்த இடம் அதுவல்ல. புரூக்ளினில் மிட்வுட் என்ற குடியிருப்புப் பகுதி. மன்ஹாட்டனில் இருந்து ரெயிலில் அரை மணி நேரத்துக்கும் மேல் போக வேண்டும்.

போனார்கள்! போய் மணிக்கணக்கில் கியூவில் நின்றார்கள்.

ஒற்றை ஆள்

காரணம் என்ன? இத்தாலியில் இருந்து பிழைக்க வந்த டிமார்கோ, பல வருஷங்களாகத் தன் கையாலேயே பீட்சா போட்டார். வெந்து வந்த பீட்சா மேல் துளசி ஜாதி இலையைக் கத்தரியால் வெட்டிப் போடுவார். அடுப்பில் இருந்து சுடச்சுட வெறுங்கையாலேயே இழுப்பார். அவசரப்பட மாட்டார்.

2009-ல் ஒரு துண்டு 5 டாலர் ஆக்கினார். மற்ற கடைகளில் அதைவிட மலிவு. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. நல்ல சரக்குக்கு ஜனங்கள் நியாயமான விலை தரத் தயங்க மாட்டார்கள்.

விழுந்தது பூட்டு

இத்தனை பேர் வாங்கிய கடைக்கு 2007-ல் பூட்டு விழுந்தது! சுத்தம் போதாது என்று நகர சுகாதார இலாகா மூடிவிட்டது.

"பாவம், வயசானவர். இத்தனை வருஷம் ருசியாகப் போட்டவரைப் போய் இப்படிச் செய்யலாமா?" என்று கேட்கத் தோன்றும்.

செய்யலாம். செய்யத்தான் வேண்டும்!

நாக்குக்கு ருசி தெரியும். கிருமி தெரியாது. கியூவில் நிற்கிறவன் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்க முடியுமா? அவனுக்குப் பதிலாக உள்ளே போய்ப் பார்க்கிறவர்தான் சுகாதார அதிகாரி. பிரபலமான கடை என்று அவர் கண்ணை மூடிக்கொண்டால், சின்னக் கடைக்காரனை மட்டும் பிடிப்பதில் என்ன நியாயம்?

பீட்சா போடுகிற அதே இரண்டு கை, கடையையும் கழுவ முடியாது. அதற்குத் தனி ஆள் வைக்க வேண்டும். அந்தச் செலவும் விலையில் சேர்ந்ததுதான்.

பூட்டு போட்டதால் டிமார்கோவின் பேர் கெட்டுப் போச்சா? இல்லை. சில வாரம் கழித்துக் கடை திறந்ததும் கூட்டம் திரும்பி வந்தது. 2022-ல் 85 வயதில் அவர் காலமானபோது ஊரே அவர் கைப்பக்குவத்தைப் பேசியது.

வாசலில் மார்க்

2010-ல் நியூயார்க் நகரம் ஒரு நல்ல காரியம் செய்தது. சோதனையில் கிடைத்த மார்க்குப்படி ஏ, பி, சி என்று எழுதிய அட்டையை ஓட்டல்கள் வாசலில் மாட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. குறை கூடக்கூட மார்க் ஏறும். 13 வரை இருந்தால் ஏ. 28-ஐத் தொட்டால் சி! தெருவில் போகிறவன்கூடப் படித்துவிடலாம்.

ரெயில் ஏறி, கால்கடுக்க நின்று சாப்பிட வருகிறவனுக்கு இந்த மரியாதையாவது வேண்டாமா?

தூரத்தில் நல்ல கடை இருந்தால் தாராளமாகப் போகலாம். ருசிக்குக் கைதட்டலாம். அதே கையால் கடைக்காரரிடம் அடுப்பங்கரையையும் காட்டிக் கேட்கலாம். தப்பே இல்லை!