மலையேறும் வலீமாக்கள்



கொழும்பிலும் கண்டியிலும் வாழும் நம் குடும்பங்களிடையே அண்மைக் காலமாக ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. திருமண நிறைவு நாள், பிள்ளையின் பட்டமளிப்பு, வெளிநாட்டிலிருந்து திரும்பிய சகோதரனின் வருகை என ஏதேனும் ஒரு சிறப்பு நாள் வந்துவிட்டால், நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்ட பங்களா ஒன்றில் முன்பதிவு செய்து, மலைச்சாரலைப் பார்த்தவாறு உயர்தர விருந்துண்டு வருகின்றனர். வசதி படைத்தோரிடம் இது சில காலமாகவே இருந்ததுதான். இப்போது அதன் அடுத்த படியாக அகீகாவும் வலீமாவும்கூட மலையேறத் தொடங்கியுள்ளன. முப்பது அல்லது நாற்பது பேரை மட்டும் தேர்ந்து அழைத்து, பங்களாவின் புல்வெளியில் மேசையிட்டு நடத்தப்படும் இவ்விருந்துகளுக்கு "எளிமையான வலீமா" என்று பெயர் சூட்டுகின்றனர். அந்தப் பெயர் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல இடத்தில், நல்ல உணவை, குடும்பத்தோடு அமர்ந்து உண்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதன்று. அல்குர்ஆனின் அஃராஃப் அத்தியாயம் 31ஆம் வசனத்தில் உண்ணவும் பருகவும் அனுமதித்து, வீண்விரயத்தை மட்டும் தடுக்கும் இறைவன், அடுத்த வசனத்திலேயே தன் அடியார்களுக்கு அளித்த அழகையும் தூய உணவுகளையும் ஹராமாக்குவோரைக் கேள்வி கேட்கிறான். ஆண்டு முழுதும் அடுப்படியில் நின்ற மனைவியை ஒருநாள் அழைத்துச் சென்று, அவளுக்குப் பிறர் பரிமாற அவள் அமர்ந்து உண்பதைக் காண விரும்பும் கணவனிடம் நான் குறை காணமாட்டேன். முதிய உம்மாவையும் வாப்பாவையும் பனி மூடிய மலையைக் காட்ட அழைத்துச் செல்லும் பிள்ளைக்கு அது நற்கூலிக்குரிய செயலாகவே அமையலாம். கத்தியும் முள்கரண்டியும் கண்டவுடன் "அந்நியரைப் பின்பற்றுதல்" என்று முகம் சுளிப்போரும் நம்மிடையே உள்ளனர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முள்கரண்டியை இடக்கையில் பிடிக்க வேண்டுமென்பது அவர்களுடைய மரபு. நாம் வலக்கையால் உண்டால் எந்த விடுதியும் நம்மை வெளியேற்றப் போவதில்லை.

ஆயினும் போகுமிடம் எத்தகையது என்பதை அறிந்து போக வேண்டும். இந்தப் பங்களாக்கள் யாவும் ஆங்கிலேயத் துரைமாருக்காகக் கட்டப்பட்டவை. கோப்பித் தோட்டங்களை 1869 முதல் இலைநோய் அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். பிறகு மலைநாடு முழுவதும் தேயிலையானது. துரை வாழ்ந்த பங்களாவில் 'அப்பு' எனப்பட்ட சமையற்காரர் இங்கிலாந்தின் சாப்பாட்டை இந்த மலையில் ஆக்கிப் போட்டார். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் விடுதியானதும், காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய பங்களாக்கள் 2005 முதல் விடுதிகளானதும் அந்தக் கதையின் தொடர்ச்சி. ஆகவே அங்குள்ள சமையலறை, பட்டியல், பரிமாறும் ஒழுங்கு அனைத்தும் துரையின் வீட்டு வழக்கத்தை ஒட்டியவை. மாலையானால் மதுபானம் வருவதும், காலையில் பன்றியிறைச்சி பொரிக்கப்படுவதும் அவ்வழக்கத்தின் பகுதிகள்.

"நாங்கள் கோழியும் மீனும்தானே கேட்டோம்" என்பது பலரிடமும் நான் கேட்கும் பதில். கோழி எங்கே வாங்கப்பட்டது என்பதற்கான ஹலால் சான்றிதழ், அந்தச் சமையலறைக்குச் சான்றாகிவிடாது. மீனின் மேல் ஊற்றும் சோஸ் வைனில் கொதித்திருக்கலாம். இனிப்பில் பிராந்தியோ ரம்மோ சேர்ந்திருக்கலாம். "கொதிக்கும்போது ஆவியாகிவிடும்" என்று சமையற்காரர் சமாதானம் சொல்வார். முழுதும் ஆவியாவதில்லை என்பது உணவியலார் அறிந்த செய்தி. அது ஒருபுறமிருக்க, நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் மது நஜீஸாகும். அது கலந்த உணவு கலந்த கணத்திலேயே அசுத்தமாகிவிடுகிறது. பின்னர் எவ்வளவு ஆவியானது என்ற கணக்குக்கு அங்கு வேலையில்லை. காலையில் பன்றியிறைச்சி பொரித்த சட்டியிலேயே மதியம் நம் மீன் பொரிந்தால், அச்சட்டியைச் சவர்க்காரமிட்டுக் கழுவினால் போதும் என்று நம் மத்ஹபின் நூல்கள் கூறவில்லை. ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் என்றே கூறுகின்றன. ஆகவே தனிப் பாத்திரம் கேட்டுப் பெறாமல் அங்கு உண்பது துணிச்சலான செயல். மது சுற்றி வரும் மேசையில் அமர வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் விலக்கியிருப்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். தனி அறையோ தனிப் புல்வெளியோ கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். கேட்பதற்குத்தான் நம்மவருக்குக் கூச்சம்.

தொழுகையும் அவ்வாறே. 'ஹை டீ' எனப்படும் மாலைச் சிற்றுண்டி மூன்று மணியளவில் தொடங்கி ஆறு மணிவரை நீள்கிறது. அஸ்ர் அதற்குள் கரைந்துவிடுகிறது. ஐந்தாறு தடவை பரிமாறப்படும் இரவுணவு இஷாவை விழுங்குகிறது. (இங்கிலாந்தில் 'ஹை டீ' என்பது முன்னாளில் தொழிலாளர் வேலை முடிந்து வந்து வயிறார உண்ட மாலை உணவின் பெயர். சீமாட்டிகள் அருந்தியது வேறு. பெயர் இடம் மாறி, இன்று பெரிய விடுதிகளின் பட்டியலில் குடியேறிவிட்டது.)

இவையெல்லாம் முன்கூட்டிக் கேட்டுச் சரிசெய்துகொள்ளக் கூடியவை. வலீமாவை அங்கே கொண்டுபோவதில் உள்ள குறையோ சமையலறையைச் சரிசெய்வதால் தீராது.

நபி (ஸல்) அவர்கள் ஸைனப் (ரலி) அவர்களை மணந்தபோது ஓர் ஆட்டை அறுத்து ரொட்டியும் இறைச்சியும் அளித்தார்கள். அவர்கள் கொடுத்தவற்றுள் சிறந்த வலீமா அதுவே என்பது அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. மக்களை அழைத்துவர அனுப்பப்பட்டவரும் அந்த அனஸ்தான். ஒரு கூட்டம் வந்து உண்டு செல்ல, அடுத்த கூட்டம் வரும். இறுதியில் அழைப்பதற்கு இனி ஒருவரும் எஞ்சவில்லை என்று அவர் வந்து சொல்லும் வரை அது தொடர்ந்தது. ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமா கைபரிலிருந்து திரும்பும் வழியில் நடந்தது. தோல் விரிப்புகள் விரிக்கப்பட்டு, பேரீச்சம்பழமும் காய்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும் இடப்பட்டன. இறைச்சி இல்லை, ரொட்டி இல்லை. தம்மிடமிருந்ததைத் தோழர்களே கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்த இரண்டு விருந்துகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எளிமை எதில் இருந்தது என்பது விளங்கும். உணவு எளிமையாக இருந்தது. கதவோ அகலத் திறந்திருந்தது. நம் பங்களா வலீமாவில் உணவு விரிந்துவிட்டது, கதவு குறுகிவிட்டது. அதற்கு எளிமை என்று பெயரிடுவது எவ்வாறு?

செல்வந்தர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்ற கருத்துள்ள ஹதீஸை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது உண்டு. ஃபிக்ஹ் நூல்கள் இதனை வெறும் அறிவுரையாக விட்டுவிடவில்லை. வலீமா அழைப்பை ஏற்றுச் செல்வது கடமை என்று கூறும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், தம் மின்ஹாஜ் நூலில் அக்கடமைக்கு நிபந்தனைகளை வரிசைப்படுத்தும்போது, அழைப்பவர் செல்வந்தரை மட்டும் குறித்து அழைத்திருக்கக் கூடாது என்பதை அவற்றுள் ஒன்றாக வைக்கிறார்கள். அதாவது, பணக்காரரை மட்டும் பொறுக்கி அழைத்த வலீமாவுக்குப் போக வேண்டிய கடமை நம்மீது இல்லை. கிதாபு ஓதும் மாணவர்களுக்கு இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம், நம் ஊர் அழைப்பிதழ்களில் எத்தனை இந்த நிபந்தனையைத் தாண்டும் என்ற எண்ணம் எனக்கு எழுவதுண்டு.

"நாங்கள் ஏழைகளை வேண்டுமென்று விடவில்லை, நெருங்கியவர்களை மட்டும் அழைத்தோம்" என்பார்கள். அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்கள் பன்னிருவர் இருப்பார்கள். கணவனை இழந்து ஒதுக்குப்புறத்தில் வாழும் சாச்சி இருக்கமாட்டார். ஐவேளையும் அதான் சொல்லும் முஅத்தின் இருக்கமாட்டார். மாப்பிள்ளைக்கு அலிஃப் பே கற்றுக்கொடுத்த உஸ்தாத் இருக்கமாட்டார் (இது சொந்த ஆதங்கம் என்று யாரும் எண்ண வேண்டாம், மலைப்பாதை வளைவுகளில் எனக்குத் தலைசுற்றும்). கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலான பயணம், தங்குமிடச் செலவு, குளிருக்கேற்ற உடை. அழைப்பிதழ் கிடைத்தாலும் அந்தச் சாச்சியால் வர இயலாது. தூரத்தைத் தேர்ந்த கணத்திலேயே விருந்தினரையும் தேர்ந்தாகிவிடுகிறது. உண்மையில் அவ்விடங்கள் விற்பதே இதைத்தான். தனிமை, அமைதி, வேறு யாரும் இல்லாமை ஆகியவற்றுக்கே அவ்வளவு விலை. ஒரு கணவனும் மனைவியும் அதை வாங்குவதில் தவறில்லை. நிக்காஹை ஊரறியச் செய்வதற்கென்று ஏற்பட்ட விருந்தை யாரும் அறியாத இடத்தில் வைப்பதுதான் பொருந்தாதது.

இந்தத் தோட்டங்களைப் பற்றிப் பேசும்போது, பங்களாவுக்குக் கீழே வாழ்வோரைப் பற்றிப் பேசாமல் கடந்துபோக இயலவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் கொண்ட லயங்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. தமிழகத்திலிருந்து மன்னார் வழியே நடந்துவந்து இம்மலைகளை உருவாக்கியோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. நாட்கூலி ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்று பல்லாண்டு போராடி, 2021இல் அது கிடைத்தது. 2024இல் 1,350 ரூபாயாகியது. அதைப் பெற ஒரு பெண் நாளெல்லாம் சரிவில் நின்று கூடை நிரப்பக் கொழுந்து பறிக்க வேண்டும். பங்களா விருந்தின் விலைப்பட்டியலோடு 10 வீதச் சேவைக் கட்டணத்தையும் 18 வீத வற் வரியையும் சேர்த்து, ஒருவரின் தட்டு எத்தனை நாட்கூலி என்று வாசகரே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஹட்டன், பண்டாரவளை போன்ற நகரங்களில் கடை வைத்து வாழ்ந்த நம் மூத்தோர் பலருக்கு இம்மக்கள்தாம் வாடிக்கையாளர். கடன் புத்தகத்தில் பெயர் எழுதிச் சாமான் கொடுத்த உறவு அது. பங்களாக்களில் பரிமாறும் இளைஞர்களில் அத்தோட்டப் பிள்ளைகளும் உள்ளனர், விடுதி வந்ததால் அவர்களுக்கு வேலை கிடைத்தது என்பதும் உண்மையே. ஆகவே அங்கே போகாதீர்கள் என்பது என் வாதமன்று. போகிறவர் பரிமாறும் பிள்ளையின் பெயரைக் கேட்டு, முகம் பார்த்துப் பேசி, தட்டில் மிச்சம் வைக்காமல் எழுந்து வரலாம்.

மறுபக்கத்தின் நியாயத்தையும் மறைக்கக் கூடாது. ஆயிரம் பேரை அழைக்கும் மண்டபத் திருமணங்களில் சஹன் சஹனாகச் சோறு குப்பைக்குப் போவதை நாம் கண்டிருக்கிறோம். அழைக்காவிட்டால் கோபிப்பார்களே என்று அழைத்து, கடன்பட்டு, பெண் வீட்டாரையும் அதில் இழுத்துவிட்டுச் செய்யும் அந்தப் பெருக்கத்திலிருந்து தப்பவே சில இளைஞர்கள் சிறு விருந்தை நாடுகின்றனர். அவர்களின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் பெரிய மண்டபத்தின் வீண்விரயத்துக்கு மாற்று, சிறிய இடத்தின் ஆடம்பரமாக இருக்க வேண்டியதில்லை. நாற்பது பேருக்குப் பங்களாவில் ஆகும் செலவில், மஹல்லாவின் மஸ்ஜித் வளவிலோ வீட்டு முற்றத்திலோ சில நூறு பேருக்குச் சோறு போடலாம். ஆறு பேர் சுற்றியமர்ந்து ஒரே சஹனில் கைவைக்கும் நம் வழக்கத்தில், கடை முதலாளியும் அவருடைய கடைப் பையனும் ஒரே தட்டில் சந்திக்க நேரும். இறைச்சியின் நல்ல துண்டை யார் பக்கம் தள்ளுவது என்பதில் அங்கே ஒரு பண்பாடே இருக்கிறது. தனித்தனித் தட்டில், பூவிதழ் தூவி, மூன்று வாய் உணவு வரும் மேசையில் அதற்கு இடமில்லை. இறுதியில் வட்டலாப்பம் வந்தால் போதும். ஊர் மனம் நிறைந்துவிடும்.

பங்களாவுக்கு முற்பணம் கட்டிவிட்டோமே என்று கேட்ட ஒரு தந்தைக்கு நான் கூறியது இதுதான்: பதிவை இரண்டு பேருக்கெனக் குறைத்துக்கொள்ளுங்கள், மணமக்கள் நான்கு நாள் கழித்துப் போய் வரட்டும்; வலீமா ஊரில் நடக்கட்டும், முதல் அழைப்பு அந்தச் சாச்சி வீட்டுக்குப் போகட்டும். அவர் விடுதிக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தார். திகதியை மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள், முற்பணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்களாம்.