வீட்டுக் கணினி: புதுப்பித்த பிறகு தட்டு ஏன் தளர்ந்தது?



பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய நான்கு பக்கக் கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. மகள் ஆறாம் படிவம் படிக்கிறாள். வீட்டில் இருப்பது 2019-இல் வாங்கிய மடிக்கணினி. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன என்று கேள்விப்பட்டு, பள்ளி விடுமுறையில் விண்டோஸ் 11-ஐ ஏற்றியிருக்கிறார்கள்.

அன்று பிடித்தது தொல்லை. பாடக் கட்டுரையைச் சேமிக்கப் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். காலமான மாமனாரின் படங்களை ஒரு வெளித்தட்டுக்கு நகல் எடுக்க மாலையில் தொடங்கியது, மறுநாள் விடியற்காலை பெரட்டுக்குப் புறப்படும்போதும் முடியவில்லையாம். பட்டணத்துக் கடையில் காட்டினால், "தட்டு போய்விட்டது, இதை இங்கேயே விட்டுவிட்டுப் புதியது எடுத்துக்கொள்ளுங்கள், ஆயிரத்து எண்ணூறு வெள்ளி" என்றார்களாம். "அந்தப் படங்கள் வேறெங்கும் இல்லை ஐயா. கடனை வாங்கிப் புதியதை வாங்குவதா, இல்லை பொறுத்துப் பார்ப்பதா?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, கடனும் வேண்டாம், கணினியைக் கடையில் விட்டுவிட்டு வரவும் வேண்டாம். தட்டு போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. அந்தப் படங்களை வெளியே எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். ஓர் இரவுக்கு ஒரு கோப்புறை போதும். முடிந்ததும் வெளித்தட்டில் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். பாதியில் மின்கம்பியைப் பிடுங்கவேண்டாம். யாராவது "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்றால் கணினியைக் கையில் கொடுக்காதீர்கள். ஃபார்மட் என்றால் தட்டைத் துடைத்து வெறுமையாக்குவது. மாமனாரும் அதோடு போய்விடுவார்.

இனிக் காரணத்துக்கு வருவோம்.

அந்த ஆண்டுகளில் விலை குறைவாக விற்ற மடிக்கணினிகள் பலவற்றில் உள்ளே இருப்பது சுழலும் வன்தட்டு. கிராமபோன் இசைத்தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. ஒரு சிறு கை அதன்மேல் அங்குமிங்கும் நகர்ந்து எழுதுகிறது. எழுதுவதும் அந்தக் கைதான், படிப்பதும் அந்தக் கைதான்.

மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. ஒரே நிரையில் வரிசையாக மரங்கள் நின்றால் கை ஓடும். அதே எண்ணிக்கை மரங்களை மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, ஆற்றோரம் ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால்? வெட்டும் நேரம் கொஞ்சம், நடக்கும் நேரமே அதிகம். வன்தட்டின் கதையும் அதுதான். ஒரே பெரிய கோப்பை வரிசையாக எழுதினால் நொடிக்கு 80, 100 எம்.பி. எழுதிவிடும். சின்னச் சின்னத் துண்டுகளாக, சிதறிய இடங்களில் எழுதச் சொன்னால் நொடிக்கு 1 எம்.பி. தேறுவதே அபூர்வம். பத்து ஜி.பி. படங்களை வரிசையாக எழுத இரண்டு நிமிடம் போதும். நொடிக்கு 1 எம்.பி. என்றால் அதே பத்து ஜி.பி.க்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். தட்டு அதே தட்டுதான், பழுது ஒன்றுமில்லை. கை நடந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

புதிய விண்டோஸ் ஏறியதும் அந்தக் கையை நடக்கவைக்கும் வேலைகள் பல ஒன்றாக வந்து சேருகின்றன. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடலுக்கான அட்டவணையைப் புதிதாகப் போடுகிறது. கிருமிக் காவல் நிரல் கோப்புகளைத் துருவிப் பார்க்கிறது. விடுபட்ட திருத்தங்கள் இறங்குகின்றன. ஒன்டிரைவ் திறந்திருந்தால் அதுவும் தன் பங்குக்கு உங்கள் படங்களை இணையத்துக்கு ஏற்றப் புறப்பட்டுவிடும். இந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் உங்கள் மகள் கட்டுரையைச் சேமிக்கப் பார்க்கிறாள்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அங்கே 'டிஸ்க்' என்ற பத்தியின் தலைப்பில் விகித எண் இருக்கும். நீங்கள் ஒன்றும் செய்யாதபோதும் அது நூறிலேயே நிற்கிறதா? அந்தத் தலைப்பை ஒரு முறை தட்டுங்கள். யார் அதிகமாக எழுதுகிறார்களோ அவர்கள் பெயர் மேலே வந்துவிடும். நான் சொன்ன வேலைகளின் பெயர்கள்தான் என்றால், கணினியை மின்சாரத்தில் இணைத்து, தூங்கவிடாமல், இரண்டு மூன்று இரவு விட்டுவிடுங்கள். வேலை முடிந்தால் அவை தாமே அடங்கும்.

அடங்கவில்லை என்றால் நினைவகத்தைப் பாருங்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகம் போதும் என்று மைக்ரோசாப்ட் சொல்கிறது. ஏறுவதற்குப் போதும், வேலை செய்ய? அடுப்பு மேடை சின்னதாக இருந்தால் பாத்திரத்தைத் தரையில் இறக்கி இறக்கி வைத்துத்தானே சமைக்கிறோம். கணினியும் நினைவகத்தில் இடம் இல்லாதபோது கையிலிருப்பதை வன்தட்டில் இறக்கி வைக்கிறது, பிறகு எடுக்கிறது, மறுபடி இறக்குகிறது. தட்டு ஓய்வே இல்லாமல் உழல்வதற்கு இது பெரிய காரணம். டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' எண் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தால் இதுவே சங்கதி.

தட்டில் காலி இடமும் வேண்டும். ஏற்றியவுடன் பழைய விண்டோஸ் முழுவதையும் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறையில் போட்டு வைத்திருப்பார்கள். திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்காகப் பத்து நாள். அது பல ஜி.பி. இடத்தை அடைக்கும். பத்து நாள் கழிந்து தானே போகும் வரை பொறுப்பதே நல்லது. அவசரமாக நீக்கினால் திரும்பும் வழியும் அடைபடும்.

எல்லாம் சரி, வெளித்தட்டுக்கு எழுதும்போது மட்டும்தான் இழுக்கிறது என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் ஸ்டோரில் இரண்டு விதமான கிராணிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர், "வாளியை வைத்துவிட்டுப் போ, பிறகு நிறுத்துக்கொள்கிறேன்" என்பார். மற்றவர், ஒவ்வொரு வாளியையும் நிறுத்து எழுதிய பிறகே ஆளை நகரவிடுவார். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, வெளித்தட்டுகளுக்கு இரண்டாவது கிராணியையே மைக்ரோசாப்ட் நியமித்துவிட்டது. யாராவது சட்டென்று கம்பியைப் பிடுங்கினாலும் கோப்பு கெடக்கூடாதே என்ற கவலை. அதைவிடப் பழைய பதிப்பில் கிடந்த கணினியைப் புதுப்பித்தவர்களுக்கு வெளித்தட்டு திடீரென்று மந்தமானதாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். டிவைஸ் மேனேஜரில் அந்தத் தட்டின் 'பாலிசீஸ்' பக்கத்தில் பழைய முறைக்கு மாற்றலாம். ஆனால் மாற்றிய பிறகு, 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் கம்பியைக் கழற்றவே கூடாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் மாற்றச் சொல்லமாட்டேன். தாமதம் போனால் போகட்டும், படம் போகக்கூடாது.

கடைக்காரர் சொன்னது உண்மையாக இருந்தால்? அதற்கும் அடையாளம் உண்டு. தட்டு 'டக், டக்' என்று ஓசை செய்வது, சில கோப்புகள் மட்டும் திறக்க மறுப்பது, நகல் எடுக்கையில் ஒரே இடத்தில் வந்து பிழை காட்டுவது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று இலவச நிரல் ஒன்று இருக்கிறது. தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படித்து, 'குட்', 'காஷன்', 'பேட்' என்று ஒரு சொல்லில் சொல்லிவிடும். 'குட்' என்று வந்தால் அதையே முழு உத்தரவாதமாக நம்பிவிட வேண்டாம். 'காஷன்' வந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ஏற்றும் வேலை ஒரே நாளில் தட்டை நிறைய எழுதவைக்கும். முன்பே நோயாளியாக இருந்த தட்டு அன்றைக்குத்தான் படுக்கும். பழி புதிய விண்டோஸ் மேல் விழும்.

அப்போதும் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி வேண்டியதில்லை. சுழலாத தட்டு, அதாவது எஸ்.எஸ்.டி., ஒன்றை அதே மடிக்கணினியில் மாட்டலாம். அதில் நடக்கும் கை கிடையாது. மேட்டு மரமும் பள்ளத்து மரமும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். நினைவகத்தையும் 8 ஜி.பி. ஆக்க முடியுமா என்று கேளுங்கள். சில மடிக்கணினிகளில் முடியாது. இரண்டும் சேர்ந்தாலும் புதுக் கணினியின் விலை ஆகாது.

மாற்றும்போது பழைய தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள். "வேலைக்காகாது, குப்பையில் போடப்போகிறோம்" என்றாலும் விடாதீர்கள். ஓர் உறையில் போட்டு யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்தால், எடுக்காமல் விட்ட படம் ஏதாவது அதில் இருந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

சகோதரி, மூன்று இரவு விட்ட பிறகு 'டிஸ்க்', 'மெமரி' இரண்டின் எண்ணையும், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சொன்ன அந்த ஒரு சொல்லையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அதற்குமுன் கடைக்குப் போகவேண்டாம்.