டீம் டாக்டர் யாருடைய டாக்டர்?

ஐஸ் ஹாக்கி அளவுக்கு உடம்பைப் பதம் பார்க்கும் விளையாட்டுகள் குறைவு. 'பக்' எனப்படும் ரப்பர் வில்லை சுமார் 170 கிராம் எடை. நல்ல ஆட்டக்காரர் ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். காலிலோ கத்தி போன்ற ஸ்கேட். போதாக்குறைக்கு, பக்கை வைத்திருப்பவரை உடம்பால் மோதித் தள்ளுவது ஆண்கள் ஆட்டத்தில் விதிப்படியே சரி! பல், தோள், முழங்கால், கழுத்து, தலை என்று எதுவும் தப்புவதில்லை.

இப்படிப்பட்ட விளையாட்டில் மருத்துவ கவனிப்பு எப்படி இருக்கிறது?

அவசரம் என்று வந்துவிட்டால் பிரமாதமாகவே இருக்கிறது. 1989 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த ஆட்டத்தில் கோல் கீப்பர் கிளின்ட் மலார்சுக்கின் கழுத்தை ஒரு ஸ்கேட் அறுத்துவிட்டது. பனித்தரை முழுக்க ரத்தம். அணியின் ட்ரெய்னர் ஜிம் பிட்சுடெல்லி ஓடிவந்து, அறுந்த ரத்தக்குழாயை விரலால் அழுத்திப் பிடித்தார். வியட்நாம் போரில் ராணுவ மருத்துவ உதவியாளராக இருந்தவர் அவர். சுமார் 300 தையல்கள். மலார்சுக் பிழைத்துக்கொண்டார். 2020 பிப்ரவரியில் அனஹெய்மில் ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜே போமீஸ்டருக்கு இதயம் நின்றுபோனபோதும் அப்படித்தான். டிஃபிப்ரிலேட்டர் கருவி தயாராக இருந்தது. அவரும் பிழைத்தார்.

ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தால் யாருக்கும் குழப்பமில்லை. அந்த நேரத்தில் கிளப்புக்கும் ஆட்டக்காரருக்கும் வேண்டியது ஒன்றுதான்: உயிர். கண்ணுக்குத் தெரியாத காயத்தில்தான் சிக்கலே! "கழுத்து வலிக்கிறது", "தலை சுற்றுகிறது" என்று சொல்பவரை உட்கார வைத்தால் ஆட்டம் போகும், டிக்கெட் போகும், பாயின்ட் போகும். அப்போது டாக்டர் யாருக்காகப் பேசுவார்?

இது புதிய கேள்வி அல்ல. 1977-ல் வான்கூவர் கனக்ஸ் அணியின் மைக் ராபிடெய்ல் தனக்குக் கழுத்தும் தோளும் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாம் மனப்பிரமை என்பது போல நடத்தி அவரை ஆட வைத்தார்கள். தண்டுவடத்தில் காயம் ஏற்பட்டு அவரது ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. அவர் வழக்குப் போட்டார். டாக்டர்களின் அலட்சியத்துக்குக் கிளப்பும் பொறுப்பு என்று கனடிய நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டிலும் 1981-ல் அந்தத் தீர்ப்பு நின்றது. ஆனால் ஒன்று கவனியுங்கள். தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளத் தவறியதாக அவர் மேலும் 20 சதவீதப் பழி விழுந்தது. கிளப் "ஆடு" என்கிறது. ஆடினால் 20 சதவீதம் உன் தப்பு!

அடுத்து சிட்னி க்ராஸ்பி. அந்தக் காலத்தில் லீகின் மிகப்பெரிய நட்சத்திரம். 2011 ஜனவரி 1 அன்று தலையில் பலமாக ஒரு மோதல். நான்கே நாளில், ஜனவரி 5 அன்று, மறுபடியும் களத்தில் இருந்தார், மறுபடியும் மோதல். மூளை அதிர்ச்சி காரணமாக அந்த நவம்பர் வரை அவரால் ஆட முடியவில்லை. திரும்பி வந்தவர் டிசம்பரில் மீண்டும் உட்கார வேண்டியதாயிற்று. நட்சத்திரத்துக்கே இந்தக் கதி என்றால் நாலாவது வரிசையில் ஆடுபவரின் நிலை என்ன?

அதே 2011 மார்ச்சில் என்.எச்.எல். விதியை மாற்றியது. சந்தேகம் வந்தால் ஆட்டக்காரரை அமைதியான அறைக்கு அழைத்துப்போய் டாக்டர் பரிசோதிக்க வேண்டும். 2016-17 சீசனில் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. நியூயார்க்கில் உட்கார்ந்து ஆட்டங்களைத் திரையில் பார்க்கும் லீகின் கண்காணிப்பாளர்களுக்கு, ஒருவரைக் களத்திலிருந்து வெளியே அனுப்பிப் பரிசோதிக்க உத்தரவிடும் அதிகாரம் கிடைத்தது. அவர்கள் எந்த கிளப்பின் ஆட்களும் அல்ல என்பதுதான் இதில் முக்கியம்.

ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு? 2021 மார்ச்சில் பஃபலோ சேபர்ஸ் கேப்டன் ஜாக் ஐகலுக்குக் கழுத்து எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பாதிக்கப்பட்டது. எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துவிடும் ஆபரேஷன் போதும் என்றது கிளப். செயற்கை டிஸ்க் வேண்டும் என்றார் ஐகல். இரண்டாவது டாக்டரின் கருத்தைக் கேட்க ஒப்பந்தத்தில் இடம் இருந்தது, ஆனால் கடைசி வார்த்தை கிளப்புடையது. செப்டம்பரில் கேப்டன் பதவி பறிபோனது. நவம்பரில் வேகாஸ் அணிக்கு மாற்றப்பட்ட பிறகுதான் அவர் கேட்ட ஆபரேஷன் நடந்தது. 2022 பிப்ரவரியில் களமிறங்கினார். 2023-ல் வேகாஸ் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பிளே-ஆஃப் ஆட்டங்களில் அதிகப் புள்ளிகள் (26) எடுத்தவர் அவர்தான்.

கிளப்பின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எட்டு வருடத்துக்கு எட்டு கோடி டாலர் ஒப்பந்தம் அது. என்.எச்.எல். ஆட்டக்காரர் யாருக்கும் அதுவரை அந்த ஆபரேஷன் நடந்ததில்லை. பணம் போட்டவர் பயப்படுவது இயல்பு. ஐகல் ஜெயித்ததால் மட்டும் அவர் கேட்டது சரியாகிவிடாது. அது தோற்றிருந்தாலும் தேர்வு அவருடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும். கிளப்புக்கு நஷ்டம் என்றால் பணம், அதற்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். ஐகலுக்கு நஷ்டம் என்றால் கழுத்து! ஹாக்கியை விட்ட பிறகும் அதே கழுத்தோடுதான் அவர் வாழ வேண்டும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் ஒன்று உடனே புரியும். ஒரு கம்பெனியின் ஊழியர் அதே கம்பெனிக்கு ஆடிட்டர் ஆக முடியாது. ஆடிட்டரைப் பங்குதாரர்கள் பொதுக்கூட்டத்தில் நியமிக்கிறார்கள். ஆடிட்டர்கள் எல்லோரும் திருடர்கள் என்பதால் அல்ல. நல்லவரையும் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது என்பதால். கணக்குப் புத்தகத்துக்கே இவ்வளவு பாதுகாப்பு வைத்த உலகம், மனிதனின் கழுத்தையும் மூளையையும் கிளப் சம்பளம் கொடுக்கும் டாக்டரிடம் விட்டுவிடலாமா?

வழி ஒன்றும் கஷ்டமில்லை. லீகும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து ஒரு பொது நிதி வைத்து டாக்டர்களை நியமிக்கட்டும். ஆடலாமா கூடாதா என்பதை அவர்கள் சொல்லட்டும். எந்த ஆபரேஷன் என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்யட்டும். கிளப்புக்குத் தகவல் தெரியட்டும், ஆனால் வீட்டோ அதிகாரம் வேண்டாம். நியூயார்க் கண்காணிப்பாளர்கள் விஷயத்தில் பாதி தூரம் வந்துவிட்டார்கள். மீதிப் பாதியில் தடையாக இருப்பது மருத்துவ அறிவு அல்ல, சம்பளச் சீட்டில் இருக்கும் கையெழுத்துதான்.