படவுரு அலங்காரம் அன்று

லினக்ஸ் மேசைத்தளத்தின் படவுருக்களை மாற்றியமைப்பது வேலையற்றவர் வேலை என்றொரு எண்ணம் ஆய்வாளர்களிடையே உண்டு. ஆய்வேட்டை எழுதாமல் கோப்புறைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்பதாக நண்பர்கள் என்னைக் கேலி செய்ததுண்டு. அதில் பாதி உண்மை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், சென்ற களப்பணியின்போது ஒரே ஒரு படவுரு தோன்றாமற்போனதால் நேரவிருந்த பிழையை எண்ணும்போது, அந்தக் கேலியை இனியும் சிரித்துக் கடக்க இயலவில்லை.

ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் குவி மொழி பேசும் சிற்றூர் ஒன்றில் ஒலிப்பதிவு செய்து வருகிறேன். எனக்குக் கதைகளும் பாடல்களும் தருபவர் எழுத்தறியாத மூதாட்டி ஒருவர். குவியும் தேசியாவும் பேசுவார். எந்தப் பதிவை யார் கேட்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. ஆனால் ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது, பதிவுகளின் விரிதாளும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மடிக்கணினித் திரையில் அவர் தாமே பார்த்துச் சரி, தவறு சொல்லக்கூடியது படம் ஒன்றுதான். ஆகவே இருவரும் அமர்ந்து கோப்புறைகளுக்கு உரிய படங்களை முடிவு செய்தோம். எல்லோரும் கேட்கலாம் என்பதற்குத் திறந்த கதவு. ஊருக்குள் மட்டும் என்பதற்கு வேலி. முதற்பயணத்தில் இவ்விரண்டே போதுமானவையாக இருந்தன. அடுத்த பயணத்தில், இறந்துபோன தம்பிக்காகத் தாம் பாடிய ஒப்பாரிகளை வீட்டுக்கு வெளியே எவரும் கேட்கக் கூடாது என்றார். மூடிய கதவை வரைந்து சேர்த்தேன்.

அந்தப் படம் திரையில் தோன்றவில்லை. வழக்கமான நீலக் கோப்புறையே நின்றது. வெளியேறி மீண்டும் நுழைந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். சில நாள் கழித்து, ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டியவற்றைத் திரட்டிய இளைய ஆய்வாளர் படங்களைப் பார்த்தே பிரித்தார். வேலி இட்டவற்றை ஒதுக்கினார். வேலி இல்லாதவற்றை எடுத்துக்கொண்டார். ஒப்பாரிகள் வன்தட்டில் ஏறிவிட்டன. அனுப்புவதற்கு முன் ஒருமுறை ஒலிக்கவிட்டுக் கேட்டதால் மட்டுமே தப்பினோம்.

பழுதைத் தேடியதில் இரண்டு நாள் கழிந்தது. கோப்பின் பெயரில் பிழையில்லை. எஸ்விஜி செம்மையாக இருந்தது. தீமின் இண்டெக்ஸ் கோப்பில் உள்ள அடைவுப் பட்டியலில் அந்த உள்ளடைவும் இருந்தது. (அப்பட்டியலில் இடம்பெறாத அடைவு, வட்டில் இருந்தும் இல்லாததற்குச் சமம். புதிதாகத் தீம் அமைப்போர் முதலில் இடறுவது இங்கேதான்.) குற்றம் கேஷ் கோப்பில் இருந்தது. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான அடைவுகளைத் துழாவாமல் இருக்கும்பொருட்டு ஜிடிகே ஒரு படவுருக் கேஷை வைத்துக்கொள்கிறது. அது பழையதா என்று அறிய, தீமின் மேலடைவு கடைசியாக மாறிய நேரத்தைக் கேஷின் நேரத்தோடு ஒப்பிடுகிறது. உள்ளடைவு ஒன்றில் புதுக் கோப்பை இட்டால் அந்த உள்ளடைவின் நேரம் மாறும். மேலடைவின் நேரம் மாறாது. ஆகவே முதற்பயணத்தில் நான் உருவாக்கிய கேஷ் இன்னும் புதியது என்றே கணினி நம்பியது. அதில் மூடிய கதவு இல்லை; எனவே மூடிய கதவு என ஒன்று இல்லை. எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் இந்நிலை மாறாது. மேலடைவைத் 'டச்' கட்டளையால் தொட்டாலோ, 'ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேஷ்' கட்டளையைக் கட்டாயப்படுத்தி ஓட்டினாலோ, கேஷையே அழித்துவிட்டாலோ உடனே சரியாகிவிடும். தீர்வுக்கு ஆனது பத்து நொடி.

கேஷ் பழையதாவது இயல்பு. அதன்மேல் எனக்குப் பெரிய வழக்கில்லை. என் வழக்கு, அதன்பின் நிகழ்ந்த அமைதியான பதிலீட்டின்மேல்.

ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் படவுருப் பெயரிடல் விதிகளில், பெயருக்குள் வரும் இடைக்கோடு சிறப்பின் படிநிலையைக் குறிக்கிறது. யுஎஸ்பி சுட்டிக்கான படவுரு கிடைக்காவிடில் கடைசிச் சொல் நீங்கி, பொதுவான சுட்டியின் படவுரு வரும். நானும் அந்த மரபைப் பின்பற்றி, ஃபோல்டர், சம்மதம், மூடியது என்னும் மூன்று சொற்களை இடைக்கோட்டால் இணைத்துப் பெயரிட்டிருந்தேன். மூன்றாவது சொல் உதிர்ந்தது, இரண்டாவது உதிர்ந்தது, எஞ்சியது 'ஃபோல்டர்'. அது எந்தத் தீமிலும் இருக்கும். மறுப்பைக் குறித்த பெயர், மறுப்பும் சம்மதமும் அற்ற வெறும் கோப்புறையாக இறங்கி நின்றது.

மொழியியல் படித்தவர்க்கு இது பழகிய முகம். சிறப்பு விதி இருக்குமிடத்தில் பொது விதி தடுக்கப்படும், இல்லாதவிடத்துப் பொது விதி செல்லும் என்பது பாணினியின் மரபு. 1973இல் கிபார்ஸ்கி அதற்கு 'எல்ஸ்வேர்' நிபந்தனை என்று பெயரிட்டார். முதலில் இந்த ஒற்றுமையைக் கண்டு மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. (தீம் அடைவுக்குள் இண்டெக்ஸ், ஐகான், சிம்பாலிக் என்று பியர்ஸின் மூன்று குறிவகைகளும் ஒருங்கே கிடப்பதும் வேறொரு மகிழ்ச்சி.) ஆனால் ஒற்றுமை பாதி வழிதான் வருகிறது. 'எனக்கு' என்னும் சிறப்பு வடிவை அறியாத குழந்தை 'நானுக்கு' என்று சொன்னால் கேட்பவர் காதில் அது உறுத்தும், சிரிப்பார், திருத்துவார். பொது விதி எல்லை மீறியதை வடிவமே காட்டிக்கொடுக்கிறது. நீலக் கோப்புறையோ எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. எப்போதும் சரியானதாகவே தோன்றும் பதிலீடு அது.

இதே விதிநூலில் இன்னொரு கூற்றும் உண்டு. சிறப்புப் படவுரு நடப்புத் தீமில் இல்லாமல் தாய்த்தீமில் இருந்தால், தாயிடம் செல்வதைவிட நடப்புத் தீமின் பொதுப்படத்தையே விரும்ப வேண்டும்; தோற்றத்தின் ஒருமை கெடக்கூடாது என்பது காரணம். பொருளா, ஒருமையா என்ற கேள்வியில் ஒருமை வென்ற இடம் இது. கோப்பு வகைகளின் படவுருக்களுக்கு அங்கே விலக்கு இருக்கிறது. ஆயினும் நடைமுறையில் அவையும் தப்புவதில்லை. எலான் குறிப்புக் கோப்புக்கு நான் வரைந்த படவுருவை, எல்லாத் தீமுக்கும் இறுதிப் புகலிடமான ஹைகலரில்தான் முதலில் இட்டேன். அது ஒருநாளும் வெளிவரவில்லை. நடப்புத் தீமின் பொதுவான தாள்படம் வழியிலேயே அதை மறித்துக்கொண்டது. என் சொந்தத் தீமுக்குள் கொண்டுவந்த பின்னரே அது முகம் காட்டியது.

2019இல் க்னோம் செயலிகளை எழுதுவோர் பலர் கூடி, எங்கள் செயலிகளுக்குத் தீம் போடாதீர்கள் என்று திறந்த மடல் ஒன்றை வெளியிட்டனர். படவுரு ஒரு செயலியின் அடையாளம், அதை மாற்றினால் எழுதியவர் கருதிய பொருள் சிதையும் என்பது அவர்களின் வாதங்களுள் ஒன்று. மடல் விநியோகங்களை நோக்கியது. தம் கணினியைத் தாமே மாற்றிக்கொள்வோரை அவர்கள் தடுக்கவில்லை. பொருள் சிதையும் என்ற வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். அதே வாதம் மறுபக்கமும் செல்லும் என்பதே நான் சேர்ப்பது. செயலியை எழுதியவர்க்குப் படவுரு பொருளுடையது என்றால், அதை எழுத்தாகவே வாசிக்கும் பயனருக்கும் அப்படியே. தானே மாற்றிக்கொண்டவர் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்னும் மனப்பான்மை, படவுருவை உடையாகக் கருதுவோருடையது. அந்த மூதாட்டிக்கு அது கையொப்பம்.

சம்மதத்தைப் படவுருவில் வைத்தது யார் குற்றம் என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். விரிதாளில் தெளிவாகப் பதிந்திருந்தேன். இளையவர் அதைத் திறந்திருக்க வேண்டும். தோன்றாத படத்தை நான் அன்றே துரத்தியிருக்க வேண்டும். ஆனால் விரிதாள் எங்களுக்கு இடையிலான பதிவு மட்டுமே. அதில் நாங்கள் தவறாக எழுதினால் அவருக்குத் தெரிய வழியே இல்லை. கதவு மூடியிருக்கிறதா என்பதை அவரால் பார்க்க முடியும். தரவு தந்தவர் சரிபார்க்க முடியாத ஒப்புதலை நெறிமுறைக் குழுக்கள் ஒப்புதல் என்று ஏற்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அதைத் தனியே எழுத வேண்டும்.

ஒன்றுமே கிடைக்காதபோது காட்டுவதற்கென்று 'இமேஜ்-மிஸ்ஸிங்' என்னும் படவுரு அதே விதிநூலில் இருக்கிறது. முழுத் தோல்வியை நேர்மையாக அறிவிக்கும் அமைப்பு, பாதித் தோல்வியை மட்டும் மூடி மறைக்கிறது. பதிலீடு நிகழ்ந்தால் படத்தின் மூலையில் ஒரு புள்ளியாவது இடலாம். அதுவும் இயலாதெனில், பதிலீடு வேண்டாம் என்று படவுருவை அமைப்பவர் சொல்ல ஒரு வழி தரலாம்.

அதுவரை நான் செய்வது இது. சம்மதப் படவுருக்களின் பெயர்களில் இப்போது இடைக்கோடு இல்லை. ஒவ்வொன்றும் ஒரே சொல். உதிர்வதற்கு ஏதுமில்லாததால் நீலக் கோப்புறைக்கு இறங்க வழியில்லை. படம் தவறினால் கோப்புறைக்குச் சற்றும் பொருந்தாத வடிவம் ஒன்று வந்து நிற்கிறது. பார்த்தவுடன் கண்ணை உறுத்துகிறது. அடுத்த பயணத்தில், கேஷை வேண்டுமென்றே பழையதாக்கிவிட்டு மடிக்கணினியை மூதாட்டியின் முன் வைத்து, எது தவறு என்று அவரிடம் கேட்கப்போகிறேன்.