போர்டை மாத்து... பஸ்ஸை மாத்தாதே!



"சார், என் லேப்டாப்புல ஓடிச்சு சார்!" - பிராஜெக்ட் வைவா நடக்கிற எந்த லேப் பக்கம் போனாலும் இந்த டயலாக் காதுல விழும். முந்தின நாள் ராத்திரி வரை சமர்த்தா ஓடின புரோகிராம், காலேஜ் சிஸ்டத்துல ஏத்தினதும் 'டேட்டாபேஸைக் காணோம்'னு முரண்டு பிடிக்கும். அதுக்கு என்னதான் ஆச்சு?

பல சமயம் ஒண்ணும் ஆகியிருக்காது. டேட்டாபேஸ் எந்த மெஷின்ல இருக்கு, யூஸர் நேம் என்ன, பாஸ்வேர்டு என்னங்கிறதை எல்லாம் கோடிங்குக்குள்ளேயே டைப் பண்ணி வெச்சிருப்பீங்க. இதுக்குப் பேர் 'ஹார்ட்கோடிங்'. உங்க லேப்டாப்புக்குப் பொருந்தின விவரம் லேப் சிஸ்டத்துக்குப் பொருந்தலை. அவ்வளவுதான் மேட்டர்!

பஸ் டெப்போவைப் பாருங்க. காலையில மதுரை போன வண்டி சாயங்காலம் திருச்சி போகணும்னா என்ன பண்றாங்க? போர்டை மாத்தி மாட்டறாங்க. ஊர்ப் பேரை பாடியிலேயே பெயின்ட் அடிச்சுட்டா, ஊருக்கு ஒரு பஸ் வாங்க வேண்டியதுதான்! புரோகிராம்தான் பஸ். மெஷினுக்கு மெஷின் மாறுற செட்டிங்ஸ்தான் போர்டு. அந்தப் போர்டை வெளியே மாட்ட உதவுறதுதான் 'என்விரான்மென்ட் வேரியபிள்'.

இது நேத்து வந்த ஐட்டம் இல்லை. 1979-ல வந்த யூனிக்ஸ் ஏழாவது பதிப்பிலேயே இருக்கு. ஒரு புரோகிராம் கிளம்பும்போதே 'இந்தப் பேருக்கு இந்த மதிப்பு'னு ஒரு லிஸ்ட்டும் அதன் கையில கொடுக்கப்படும். பைத்தான்ல 'ஓஎஸ் டாட் என்விரான்', நோட் ஜேஎஸ்ல 'பிராசஸ் டாட் என்வ்', சி-யில 'கெட்என்வ்'... எந்த லாங்வேஜ்ல இருந்தும் அந்த லிஸ்ட்டைப் படிக்கலாம்.

ஒரு சாவி, 5.7 கோடி பேர்!

வைவாவுல மார்க் போறது சின்ன நஷ்டம். 2016-ல ஊபர் கம்பெனிக்கு நடந்ததைக் கேளுங்க. அந்த கம்பெனி இன்ஜினீயர்கள் கிட்ஹப்ல வெச்சிருந்த பிரைவேட் ரெபாசிட்டரிக்குள்ள ரெண்டு பேர் நுழைஞ்சாங்க. அங்கே அமேசான் கிளவுடைத் திறக்கிற சாவி கிடைச்சுது. அதை வெச்சு சுமார் 5.7 கோடி பயணிகள், டிரைவர்களோட விவரங்களை அள்ளிட்டாங்க. ஊபர் ஒரு லட்சம் டாலர் கொடுத்து அமுக்கப் பார்த்து, 2017 நவம்பர்ல விஷயம் வெளியே வந்துச்சு. 2018-ல அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் கட்டி வழக்கை முடிச்சாங்க. 'பிரைவேட்தானே, யாரு பார்க்கப் போறா?'ங்கிற நினைப்புக்கு விலை அது!

சரி, நாம என்ன பண்ணலாம்?

ஒவ்வொரு தடவையும் டெர்மினல்ல டைப் பண்ணிட்டு இருக்க முடியாது. அதனால பிராஜெக்ட் ஃபோல்டர்ல 'டாட் ஈ.என்.வி.'னு ஒரு ஃபைல். வரிக்கு ஒரு பேர், ஒரு மதிப்பு. புரோகிராம் ஆரம்பிக்கும்போது 'டாட்என்வ்' மாதிரியான லைப்ரரி அதைப் படிச்சு என்விரான்மென்ட்ல ஏத்திடும். நோட் ஜேஎஸ்ல 2023-ல வந்த 20.6 வெர்ஷன்ல இருந்து தனி லைப்ரரிகூட தேவையில்லை. ஆனா, வழுக்கி விழுற இடங்கள் நாலு இருக்கு. பார்த்து நடங்க.

ஒண்ணு: ஃபைலை உருவாக்கின கையோட அதன் பேரை 'கிட்இக்னோர்'ல சேர்த்துடுங்க. டீம்ல இருக்கிறவங்களுக்காக, பேர்கள் மட்டும் இருக்கிற, மதிப்பு காலியா இருக்கிற ஒரு மாதிரி ஃபைலை கிட்ல போடுங்க. சாவி ஏற்கெனவே கிட்ஹப்புக்குப் போயிடுச்சா? வரியை அழிச்சு மறுபடி கமிட் பண்ணினா போதாது பாஸ். பழைய கமிட்ல அது பத்திரமா உட்கார்ந்திருக்கும். முதல் வேலையா அந்தச் சாவியை ரத்து பண்ணிட்டுப் புதுசு வாங்குங்க.

ரெண்டு: என்விரான்மென்ட்ல இருந்து வர்றது எல்லாமே ஸ்ட்ரிங். டீபக் மோடுக்கு 'ஃபால்ஸ்'னு எழுதிட்டு, பைத்தான்ல அதை அப்படியே 'பூல்' ஃபங்ஷன்ல போட்டீங்கன்னா 'ட்ரூ'ன்னு பல்லைக் காட்டும். காலியா இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் அதுக்கு ட்ரூதான்! மதிப்பு என்னன்னு நீங்களே ஒப்பிட்டுப் பார்த்து மாத்திக்கணும். போர்ட் நம்பருக்கும் இதே கதைதான்.

மூணு: வேண்டிய வேரியபிள் இல்லைன்னா புரோகிராம் ஆரம்பத்திலேயே, எது இல்லைன்னு பேரைச் சொல்லி நிக்கணும். பாதி டெமோவுல கவுந்தடிச்சு விழறதைவிட, வாசல்லயே நிக்கிறது கௌரவம்!

நாலு: பிரவுசர்ல ஓடுற பக்கத்துக்கு ரகசியம் கிடையாது. வைட் மாதிரியான டூல், 'வைட்'னு ஆரம்பிக்கிற வேரியபிள்களோட மதிப்பை அப்படியே ஜாவா ஸ்கிரிப்ட் ஃபைலுக்குள்ள வெச்சு அனுப்பிடும். ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் போடுற யாரும் படிக்கலாம். பேமென்ட் சாவி எல்லாம் சர்வர் பக்கம்தான் இருக்கணும்.

இன்னொண்ணு, டாட் ஈ.என்.வி. ஒண்ணும் பேங்க் லாக்கர் இல்லை. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். அதை வாட்ஸ்அப் குரூப்ல போட்டா, இவ்வளவு பண்ணினதுக்கும் அர்த்தமே இல்லை!

'ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்'னு ஹெரோக்கு கம்பெனி இன்ஜினீயர்கள் எழுதி வெச்ச வழிமுறையில இதுக்கு ஒரு சூப்பர் டெஸ்ட் இருக்கு. உங்க மொத்த கோடிங்கையும் இந்த நிமிஷமே ஊருக்குத் திறந்து காட்ட முடியுமா? எந்தப் பாஸ்வேர்டும் வெளியே போகாதுன்னா நீங்க பாஸ். 'இரு மச்சி, ஒரு ஃபைலை மட்டும் அழிச்சுட்டு வர்றேன்'னா... அரியர்தான்!

இன்னிக்கு ராத்திரியே உங்க பிராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து 'பாஸ்வேர்டு'ன்னு ஒரு தடவை சர்ச் போட்டுப் பாருங்களேன். வேற யாராவது போடறதுக்கு முன்னாடி!