பழகிக்கொள்ள வேண்டியவர் யார்?

சென்ற வாரம் திருகோணமலை உட்துறைமுக வீதியில் பழைய நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். துறைமுகத்தில் வேலை செய்பவர். அவருடைய மகள் உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றுக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். வாழ்த்துச் சொன்னேன். மனிதர் முகத்தில் மகிழ்ச்சியைக் காணவில்லை.

“கொன்வென்டிலயே படிச்ச பிள்ளை அக்கா. ஆம்பிளைப் பிள்ளையளோட ஒரு வாங்கில இருந்து பழக்கமில்லை. கம்பஸில எப்பிடிச் சமாளிக்கப்போகுதோ தெரியேல்லை.”

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கவலையைக் கேட்டு வருகிறேன். 1990களின் தொடக்கத்தில் நான் பெட்டி கட்டியபோது என் தகப்பனாரும் இதையே சொன்னார். பத்திரிகையில் சேர்ந்தபின் கல்விப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த கட்டுரைகளிலும் இதுவே வேறு வேறு சொற்களில் இருந்தது. பெண்கள் பாடசாலை, அதிலும் கன்னியர் நடத்தியது, பிள்ளைகளைக் கூச்ச சுபாவிகளாக்கிவிடுகிறது. ஆகவே கலவன் சூழலுக்கு அவர்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்பது.

(தமிழக வாசகருக்கு ஒரு விளக்கம். இங்கே ‘கல்லூரி’ என்று பெயர்ப்பலகை தொங்குமிடம் பெரும்பாலும் பாடசாலையே. நீங்கள் கல்லூரி என்பதை நாங்கள் கம்பஸ் என்போம்.)

நான் சொல்வேன், இது தலைகீழான பேச்சு.

பெண்கள் மட்டுமே படிக்கும் பாடசாலையில் என்ன நடக்கிறது என்பதை அங்கே படிக்காதவர் அறியமாட்டார். அங்கே மணி அடிப்பவளும் பெண், வாங்கு தூக்குபவளும் பெண். இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கோடு கீறிச் சுண்ணாம்பு போடுபவள் பெண். தமிழ்த்தினப் போட்டி மேடையில் முழங்குபவள் பெண். பரிசளிப்பு விழா நாடகத்தில் அரசன் வேண்டுமென்றால் கண்மையால் மீசை வரைந்துகொண்டு வந்து நிற்பவளும் பெண். நானே இரண்டு முறை அரசனாக இருந்திருக்கிறேன். இவற்றையெல்லாம் செய்ய வேறு ஆள் இல்லை என்பதால், ‘இது பெண்கள் செய்யும் வேலையா’ என்ற கேள்வியே எழுவதில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் கேள்வியைக் கேளாமல் வளர்வது எவ்வளவு பெரிய கொடை என்பது வெளியே வந்த பிறகுதான் விளங்கும்.

கொழும்பு புனித பிரிஜெட் கன்னியர் மடத்தில் படித்த பௌத்தப் பெண் ஒருவர் 1960 ஜூலையில் உலகின் முதலாவது பெண் பிரதமரானார். அதே ஆண்டில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டத்தைக் கொண்டுவந்து கத்தோலிக்கத் திருச்சபையோடேயே மோதினார். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசியலோடு தமிழர்களாகிய நமக்குத் தீராத கணக்கு உண்டு. அது வேறு கதை. ஆனால் கூச்ச சுபாவி செய்யும் வேலையா அது? மகள் சந்திரிகாவும் அதே பாடசாலைதான். பிறகு பாரிஸ் சென்று அரசியல் படித்தார். குடும்பப் பெயர் உதவியது என்பீர்கள். உதவியதுதான். கன்னியர் மடம் அவர்களை ஊமையாக்கவில்லை என்பதை மட்டுமே இங்கே சொல்கிறேன்.

இனி என் கதை. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். முதல் மாதத்தில் ஒரு விரிவுரையாளர் கேள்வியொன்று கேட்டார். விடை தெரியும், பாடசாலைப் பழக்கத்தில் கையை உயர்த்தி எழுந்து நின்றேன். பின்வரிசைகளிலிருந்து ஓர் ஊளைச் சத்தம் எழுந்தது. விரிவுரையாளர் அதைக் கேட்டுச் சிரித்தார். ஊளையை மறந்துவிட்டேன், அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் எங்கள் வரிசையில் வேறெவளும் கை உயர்த்தவில்லை.

பிறகு தமிழ்ச் சங்கத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்கு என் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன். மூத்த மாணவர் ஒருவர் மிகுந்த அன்போடு, “தங்கச்சி, உமக்குக் கையெழுத்து வடிவு. செயலாளரா இரும்” என்றார். கூட்ட அறிக்கை எழுதினேன். தேநீரும் ஊற்றினேன். இதைத்தான் என் தகப்பனாருக்குக் கடிதத்தில், ‘இப்போது பழகிவிட்டது அப்பா’ என்று எழுதினேன். நான் கற்ற ‘பழக்கம்’ அதுதான்.

இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவரில் பாதிக்கு மேல் பெண்கள். கலைப்பீடங்களில் ஆண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் மாணவர் ஒன்றியங்கள் விடும் அறிக்கைகளின் அடியில் தலைவர் என்று கையொப்பமிடுவது யார் என்று பாருங்கள். முப்பது ஆண்டுகளாக அவ்வறிக்கைகளைச் செம்மைப்படுத்தி அச்சுக்கு அனுப்பியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அங்கே பெண்ணின் பெயரைக் கண்டது அரிதிலும் அரிது.

கன்னியர் பாடசாலைகள் குறையற்றவை என்று வாதிட வரவில்லை. ஆணைச் சக மனிதனாகக் கருதிப் பேசுவது எப்படி என்று அவை சொல்லித் தருவதில்லை. ஒன்றில் அவன் ஆபத்து, அன்றேல் அவன் கணவன். இரண்டுக்கும் இடையே வகுப்புத் தோழன் என்றொருவன் உண்டு என்பதை நாமே தட்டித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குறை ஆண்கள் பாடசாலைக்கும் உண்டல்லவா? அவன் மட்டும் யாரோடு பழகி வந்தான்? அவனைப் பற்றி எந்தத் தகப்பனும் உட்துறைமுக வீதியில் நின்று கவலைப்படுவதில்லை.

பகிடிவதையையும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். கொன்வென்ட் பிள்ளைக்குத் தாங்கும் சக்தி இல்லையாம். 1975இல் பேராதனையில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்து நடமாட்டத்தை இழந்தார். 1997இல் அதே பேராதனையில் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரையே இழந்தார். அவர் எந்தக் கன்னியர் மடத்தில் படித்தார்? அதன் பின்னர்தான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பழகிக்கொள்ளச் சொல்வதால் தீராத காரியம் என்று நாடாளுமன்றத்துக்கே விளங்கியிருக்கிறது.

நண்பரிடம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. வெயில் ஏறிவிட்டது, அவருக்கு வேலைக்கு நேரமாயிற்று. ஒன்று மட்டும் கேட்டேன். அவருடைய அயல்வீட்டுப் பையனும் இம்முறை அதே பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறான், அவனும் ஆண்கள் பாடசாலையில் படித்தவன்தானே, அவன் எப்படிச் சமாளிப்பான்?

“அவனுக்கென்ன அக்கா, அவன் ஆம்பிளைப் பிள்ளை.”

புதுமுக மாணவருக்கான அறிமுக வாரத்தை ஒழுங்கு செய்யும் பீடாதிபதிகள் யாரேனும் இதை வாசித்தால், அந்தப் பையனுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முன்வரிசையில் ஒரு பெண் விடை சொல்ல எழுந்து நிற்கும்போது பின்வரிசையில் இருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாரும் இதுவரை சொல்லியிருக்கமாட்டார்கள். விரிவுரையாளர்களையும் கூடவே அமர்த்துங்கள்.